ஆறு பேரோடு மலை ஏறும் சிறிய ஏழு இருக்கை வண்டி: மேனுவலா, ஆட்டோவா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பழைய ஏழு இருக்கை வண்டி ஒன்றை வாங்கப் பார்க்கிறீர்கள். ஒரே மாடலில், 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு, கையால் கியர் மாற்றும் மேனுவலில் ஒன்றும், தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோவில் ஒன்றும் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. இரண்டுமே பத்து வயதைத் தாண்டி, சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான சிஓஇ உரிமைச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டவை. எதில் பிக்கப் அதிகம், எது வளைவில் நன்றாக நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு சேர்த்து, வீட்டில் பெற்றோர் உட்பட ஆறு பேர் என்றும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மலேசியாவுக்குப் போவீர்கள் என்றும், போன டிசம்பரில் நண்பரின் ஆட்டோ வண்டியில் அங்குள்ள கெந்திங் மலை ஏறியபோது வண்டி முக்கி முனகி ஏறியது என்றும், மனைவியும் அவ்வப்போது ஓட்டுவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வீட்டாரை ஏற்றிக்கொண்டு விரைவுச்சாலையில் சேரும்போதும் மலை ஏறி இறங்கும்போதும் வண்டி உங்கள் கைக்குள் நிற்குமா என்பதுதான் உங்கள் கவலை என்று புரிகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரவியல் படித்துவிட்டு, இருபத்து நான்கு ஆண்டுகளாகக் காக்கி புக்கிட் வட்டாரத்துப் பட்டறைகளில் வேலை செய்பவன். கையில் அதிகம் பட்டவை ஜப்பானியக் குடும்ப வண்டிகள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டு வண்டிகளையும் நான் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு பதின்மூன்று வயதான வண்டி எப்படி ஓடும் என்பதைக் கியரின் வகையைவிட, முன்பு வைத்திருந்தவர் எண்ணெய் மாற்றினாரா இல்லையா என்பதே அதிகம் தீர்மானிக்கும். கீழே நான் தரும் கணக்குகள் இயற்பியல் விதிகளைக் கொண்டு போட்ட தோராயக் கணக்குகள். இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அவை போதும், நொடிக்கணக்கில் பந்தயம் கட்டப் போதாது.

முதலில் எடையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிக்கப் பற்றிய பேச்சில் பலரும் மறப்பது அதைத்தான். இந்த வகை வண்டி வெறுமையாக ஏறக்குறைய 1,500 கிலோ இருக்கும். நீங்கள் தனியாக ஓட்டிப் பார்க்கும்போது 1,570 கிலோ. ஆறு பேரும் பெட்டிகளும் ஏறிய பிறகு 1,950 கிலோவைத் தொட்டுவிடும். எஞ்சின் அதேதான், இழுக்க வேண்டிய சுமை மட்டும் நான்கில் ஒரு பங்கு கூடிவிட்டது. தனியாக ஓட்டும்போது நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 10.5 நொடி ஆனால், குடும்பத்தோடு 13 நொடி ஆகும். ஒரே மாடலின் மேனுவலுக்கும் ஆட்டோவுக்கும் இடையே பொதுவாக இருக்கும் வித்தியாசம் ஒரு நொடிக்கு அக்கம்பக்கம். அதாவது, நீங்கள் எந்தக் கியரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைவிட யார் யார் ஏறுகிறார்கள் என்பது இரண்டு மடங்குக்கும் மேல் பாதிக்கிறது. விற்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலி வண்டியில் ஒரு சுற்றுப் போய் வந்து "பரவாயில்லை, நன்றாக எடுக்கிறது" என்று முடிவு செய்பவர்கள், முதல் நீண்ட விடுமுறையிலேயே ஏமாந்து போவது இதனால்தான்.

இனி பிக்கப். சிங்கப்பூரில் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்குப் பாய வேண்டிய தேவை யாருக்கும் வருவதில்லை. இங்கே விரைவுச்சாலைகளின் உச்ச வேகமே 90 கிலோமீட்டர். நமக்கு வேண்டியது, இணைப்புச் சாலையில் 60இல் வந்துகொண்டிருக்கும் வண்டி, ஓரத் தடத்தில் வரும் லாரிக்கு முன்னால் 90ஐ எட்டுவதுதான். இதற்கு எஞ்சின் அந்த நேரத்தில் எத்தனை சுற்றில் ஓடுகிறது என்பதே எல்லாம். 2 லிட்டர் எஞ்சின் ஒன்று ஏறக்குறைய 145 குதிரைத்திறன், அதாவது 107 கிலோவாட் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அது நிமிடத்துக்கு 6,000 சுற்றில் மட்டும் கிடைக்கும் சக்தி. 2,000 சுற்றில் அதே எஞ்சின் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் 35 கிலோவாட்டைத்தான் தரும். 4,000 சுற்றில் 75 தரும். மேனுவல் வண்டியில் நான்காவது கியரில் 60இல் போகும்போது எஞ்சின் 2,000 சுற்றை ஒட்டி இருக்கும். அப்படியே மிதித்தால், 1,950 கிலோ வண்டி 90ஐத் தொடப் பன்னிரண்டு நொடி ஆகும். அதற்குள் 250 மீட்டருக்கு மேல் சாலை போய்விடும். மிதிக்கும் முன் மூன்றாவது கியருக்கு இறக்கியிருந்தால் ஏழரை நொடி. இரண்டாவதில் ஐந்து நொடிக்குள் முடியும், ஆனால் எஞ்சின் கத்தும் கத்தலில் பின்னால் இருக்கும் பாட்டி முருகா என்பார்.

ஆக, மேனுவல் வண்டிக்குத் தானாக எந்த வேகமும் கிடையாது. சேரப்போகும் இடத்துக்கு முன்பே கியரை இறக்கி வைத்திருப்பவருக்கு அது வேகமான வண்டி. நான்காவதிலேயே விட்டு மிதிப்பவருக்கு அது ஆட்டோவைவிட மந்தமான வண்டி. ஆட்டோ இந்த முடிவைத் தானே எடுக்கிறது. மிதியைத் தரைவரை அழுத்தினால் அது கீழ்க் கியருக்கு மாறிக்கொள்ளும். பழைய ஆட்டோக்களில் இதற்கு ஒரு நொடிக்குச் சற்றுக் குறைய எடுக்கும், அந்த ஒரு நொடி நெஞ்சு படபடக்கும். இதைத் தெரிந்துகொண்டு ஒரு நொடி முன்னதாக மிதிப்பவர்கள் ஆட்டோவில் சங்கடப்படுவதில்லை.

"ஆட்டோ" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டீர்கள். ஆனால் அதற்குள் குணம் வேறுபட்ட வகைகள் இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த எடுத்துக்காட்டையே சொல்கிறேன். தீவெங்கும் ஓடிய டொயோட்டா விஷ் முதல் தலைமுறையில், 1.8 லிட்டர் எஞ்சினோடு 4 கியர் ஆட்டோவைக் கொண்டிருந்தது. 2009இல் வந்த இரண்டாம் தலைமுறை சிவிடி எனப்படும் பெல்ட் வகைக்கு மாறியது. 4 கியர் ஆட்டோவில் கியர்களுக்கு இடையே இடைவெளி பெரிது. இரண்டாவதில் எஞ்சின் மிகையாகக் கத்தும், மூன்றாவதில் போதாமல் திணறும். சரிவான சாலையில் இரண்டுக்கும் இடையே அது தத்தளிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை ஈடுகட்டுவது டார்க் கன்வெர்ட்டர்: நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் முறுக்கு விசையை அது ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தரும். அதனால்தான் சிக்னலில் பச்சை விழுந்ததும் முதல் இருபது மீட்டரில் ஆட்டோ வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்புகிறது. மேனுவல் கிளட்ச்சுக்கு இப்படிப் பெருக்கித் தரும் திறன் இல்லை, அது வெறும் உராய்வுத் தட்டு. சிவிடியில் படிகளே கிடையாது. முழுக்க மிதித்தால் எஞ்சினைச் சக்தி அதிகமுள்ள சுற்றிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு வண்டியை வேகமெடுக்க வைக்கும். கணக்குப்படி இது மிகத் திறமையான முறை. ஆனால் ஓசை முதலில் வரும், வேகம் பிறகு வரும். காதுக்கு அது ஏமாற்றுவது போல இருக்கும். சிவிடி மந்தம் என்ற புகாரில் பாதிக்கு மேல் காதின் புகார் என்பது என் கருத்து, மறுப்பவர்கள் இருக்கிறார்கள். இரட்டைக் கிளட்ச் வகை ஓட்டச் சுகமானது, விரைவானது. ஆனால் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் கொண்டவை நம் ஊர் வெப்பத்தில், ஊர்ந்து நகரும் நெரிசலில், பழைய வண்டியாக வாங்க ஏற்றவை என்று நான் சொல்லமாட்டேன்.

ஒரே வண்டியை இரண்டு கியரிலும் ஒப்பிட நல்ல எடுத்துக்காட்டு மஸ்டா 5. அமெரிக்காவில் 2012 மாடலாக விற்ற அதன் 2.5 லிட்டர் எஞ்சின் 157 குதிரைத்திறன் கொண்டது. 6 கியர் மேனுவலிலும் 5 கியர் ஆட்டோவிலும் வந்தது. அந்தக் காலத்தில் அந்த ஊர்ச் சந்தையில் மேனுவலோடு கிடைத்த மினிவேன் அது ஒன்றே, அதுவும் விலை குறைந்த அடிப்படை வகையில் மட்டும். மேனுவல் ஓட்டியவர்கள் அதைக் குடும்ப வண்டி வேடமிட்ட சின்னக் கார் என்று கொண்டாடினார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தச் சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மஸ்டா 3 காரோடு பகிர்ந்துகொண்ட அடித்தளத்திலிருந்தும், பின் சக்கரங்களைத் தனித்தனியாகத் தாங்கும் பல்கரச் சஸ்பென்ஷனிலிருந்தும்தான் வந்தது. ஆட்டோ வாங்கியவருக்கும் அதே அடித்தளம், அதே சஸ்பென்ஷன். இரண்டுக்கும் எடை வித்தியாசம் ஏறக்குறைய 20 கிலோ, ஒரு அரிசி மூட்டை அளவு. மேனுவலில் கூடுதலாகக் கிடைத்தது, வண்டியோடு கையும் காலும் பேசிக்கொள்ளும் உணர்வு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, எனக்கும் பிடித்தமானதுதான். ஆனால் அதை வேகம் என்று பெயர் மாற்றி அழைக்கக்கூடாது.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் ஏழு இருக்கை ஆட்டோ வண்டியைக் கொண்டுவந்து, ஏறுசாலையில் பிக்கப்பே இல்லை, கியர்பாக்ஸ் போய்விட்டதா என்று கேட்டார். வேறொரு பட்டறையில் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்று பல ஆயிரம் வெள்ளி மதிப்பீடு கொடுத்திருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார, அவர் விரைவுச்சாலையில் சேர்ந்தார். எஞ்சின் சுற்றுமானி 3,000ஐத் தாண்டவே இல்லை. முழுக்க மிதியுங்கள் என்றேன்; மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். திரும்பி வந்து குனிந்து பார்த்தபோது, வண்டியோடு வந்த கம்பள விரிப்பின்மேல் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று, அதன்மேல் பிள்ளைகள் மணல் கொட்டுவதால் இன்னொரு விரிப்பு. ஆக்சிலரேட்டரின் அடி விளிம்பு அந்த அடுக்கின்மேல் போய் முட்டி நின்றது. கடைசி இரண்டு விரல் அளவு அதற்கு வழியே இல்லை. கீழ்க் கியருக்கு மாறச் சொல்லும் கட்டளை அந்த இரண்டு விரலில்தான் இருக்கிறது. மேல் விரிப்புகள் இரண்டையும் எடுத்துவிட்டு மறுபடி போனோம். முள் 5,500ஐத் தொட்டது. அவருக்கு மகிழ்ச்சியைவிடப் பயமே அதிகம். எஞ்சின் இப்படிக் கத்தலாமா என்று இரண்டு முறை கேட்டார். கத்தலாம். சிவப்புக் கோட்டுக்குக் கீழே எதுவும் எஞ்சினைக் கெடுக்காது, எண்ணெய் மட்டம் சரியாக இருந்தால்.

இப்போது கெந்திங். உங்கள் நண்பரின் வண்டி ஏன் முக்கியது என்பதற்கு எண்களே பதில் சொல்லும். 10 விழுக்காட்டுச் சரிவில், 1,950 கிலோ வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்தில் வைத்திருக்க, சக்கரத்தில் 38 கிலோவாட் வேண்டும். வழியில் இழப்பதையும் சேர்த்தால் எஞ்சின் 44 கிலோவாட் தர வேண்டும். மலையுச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சினின் சக்தியும் அதே அளவு குறையும். அங்கே 2,500 சுற்றில் அந்த எஞ்சினால் 38 கிலோவாட்தான் தர முடியும். போதவில்லை, வண்டி வேகம் இழக்கிறது. உடனே ஆட்டோ கியரை இறக்குகிறது, எஞ்சின் 4,000 சுற்றுக்குப் போகிறது, 63 கிலோவாட் கிடைக்கிறது, வண்டி வேகமெடுக்கிறது. ஓட்டுநர் காலைத் தளர்த்துகிறார், ஆட்டோ மறுபடி மேல் கியருக்குப் போகிறது, மறுபடி போதவில்லை. இப்படி மலை முழுக்க ஏறியிறங்கிக்கொண்டே போனதைத்தான் நீங்கள் முக்கல் என்று சொல்கிறீர்கள். மேனுவல்காரர் அடிவாரத்திலேயே இரண்டாவதிலோ மூன்றாவதிலோ போட்டுவிட்டு, 3,500 சுற்றில் ஓசை மாறாமல் ஏறிப் போயிருப்பார். ஆட்டோவிலும் அதே வேலையைச் செய்யலாம்: கியர் நெம்புகோலின் பக்கத்தில் 2, எல் (L), எஸ் (S) அல்லது கூட்டல் கழித்தல் குறி என்று ஏதோ ஒன்று இருக்கும். சிங்கப்பூரில் ஓட்டிப் பழகியவர்கள் வழக்கமாக ஓட்டும் டி (D) இடத்தில் போட்ட கையை ஊர் போய்ச் சேரும்வரை எடுப்பதில்லை என்பதால், அந்த எழுத்துகள் எதற்கு என்று தெரியாமலேயே பலர் வண்டியை விற்றும்விடுகிறார்கள். ஏறும்போது மட்டும் பார்த்தால், இந்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தெரிந்தவரின் ஆட்டோவுக்கும் மேனுவலுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது.

இறங்கும்போதுதான் நான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. 1,950 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் 19 மெகாஜூல் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். காற்றும் டயரும் அதில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது ஏறக்குறைய 15 மெகாஜூல். வீட்டுக் குழாய்த் தண்ணீரை 50 லிட்டர் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். டியில் விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் இவ்வளவும் நான்கு பிரேக்குகளுக்குள் போகிறது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியசில் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி அமுங்கும், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றச் சொல்வது பட்டறைக்காரரின் பிழைப்புக்காக அல்ல. மலேசிய மலைச்சாலைகளில் குறைந்த கியரைப் பயன்படுத்துங்கள் என்று மலாயில் எழுதிய பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அது எல்லா வண்டிக்கும்தான். இந்த ஓர் இடத்தில் மேனுவலுக்கு உண்மையான முன்னிலை இருக்கிறது. இரண்டாவதில் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், நழுவல் இல்லை, கட்டளைக்குக் காத்திருப்பும் இல்லை. 4 கியர் ஆட்டோவில் 2 என்ற இடம் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். சிவிடியில் எல் (L) அல்லது பி (B) இருந்தால் பிடிக்கும், ஆனால் பழைய சிவிடிகள் சிலவற்றில் அந்தப் பிடிப்பு எதிர்பார்ப்பதைவிட மென்மையானது; வாங்கும் முன் ஒரு பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் இறக்கத்திலாவது போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வளைவில் நிற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கியரின் வகைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு நேரடியானது அல்ல. வளைவில் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதை டயரும், ஷாக் அப்சார்பரும், சுமை எங்கே இருக்கிறது என்பதும் தீர்மானிக்கின்றன. இந்த வண்டிகளில் மூன்றாவது வரிசை ஏறக்குறைய பின் அச்சின் மேலேயே இருக்கிறது; அதற்குப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் பெட்டிகள். அங்கே இரண்டு பேரும் 60 கிலோ சாமானும் ஏறினால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரங்களின்மேல் உள்ள பாரம் விகிதத்தில் குறைகிறது. திருப்புவதும் இழுப்பதும் முன் சக்கரங்களே. மழை பெய்த ஏற்றச் சாலையில் வளைந்துகொண்டே அழுத்தி மிதித்தால், ஸ்டீயரிங் இலேசாகி வண்டி வளைவுக்கு வெளியே போகப் பார்க்கும். இதற்கு மருந்து, கனமான பெட்டிகளை முடிந்தவரை இரண்டாவது வரிசையின் காலடியில் வைப்பதும், கூரைமேல் எதையும் கட்டாமல் இருப்பதும், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளைப் படிப்பதும்தான். அந்தத் தாளில் பல மாடல்களுக்கு முழுச் சுமைக்கான காற்றழுத்தம் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். பெட்ரோல் நிலையத்தில் எப்போதும் வைக்கும் காற்றழுத்த அளவையே வைத்துக்கொண்டு ஆறு பேரோடு ஈப்போவரை போகிறவர்களின் பின் டயரைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தோசைக்கல் போலச் சுடும்.

இதில் கியர் தலையிடும் இடம் ஒன்று உண்டு. பழைய ஆட்டோவில் வளைவுக்கு முன் காலை எடுத்தால், அது இனி சக்தி தேவையில்லை என்று நினைத்து மேல் கியருக்குப் போய்விடும். வளைவின் நடுவில் மறுபடி மிதிக்கும்போது ஒரு கணம் ஒன்றுமில்லை, பிறகு கீழ்க் கியருக்கு மாறி ஓர் உந்தல். ஈரச் சாலையில் அந்த உந்தல் சரியாக முன் சக்கரங்கள் பிடிப்புக்குத் திண்டாடும் நேரத்தில் வரும். மேனுவலில் கியர் நீங்கள் வைத்த இடத்தில் இருக்கும். கேமரன் மலைக்குத் தாப்பா வழியாகப் போகும் பழைய சாலையில் அடுத்தடுத்து வரும் வளைவுகளில் இந்த வித்தியாசம் தெரியும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் வயிற்றுக்கும் தெரியும். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் தெரியாது.

மறு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை கடற்பாலத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஊர்வதை நீங்கள் அறிவீர்கள். மேனுவலில் அது சில நூறு முறை கிளட்ச் மிதிப்பது. இடது முழங்கால் வலிக்கும், அது போகட்டும். களைத்த கால் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே வைத்திருக்கும், முழுச் சுமையோடு அப்படிச் செய்தால் தட்டு காய்ந்து கருகும் வாடை ஜன்னல்வழி வரும். அந்த மாலை முடிந்த பிறகு இன்னும் நான்கு மணி நேரம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் ஓட்ட வேண்டும் என்றால், கால் வலியில்லாத ஓட்டுநர்தான் பாதுகாப்பான ஓட்டுநர். நெடுஞ்சாலை ஓட்டத்தில் இரண்டு கியருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

எரிபொருள் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் ஒரு வரி: 4 கியர் ஆட்டோ மேனுவலைவிட அதிகம் குடிக்கும், நல்ல நிலையில் உள்ள சிவிடி அப்படிக் குடிக்காது. எது நீடித்து உழைக்கும் என்பதில் ஒரே பதில் கிடையாது. கிளட்ச் தேய்மானப் பொருள், மாற்றத்தான் வேண்டும், ஆனால் செலவு தாங்கக்கூடியது. சாதாரண ஆட்டோ எண்ணெய் மாற்றினால் வண்டியைவிட அதிகம் வாழ்வதைப் பார்த்திருக்கிறேன். சிவிடி கெட்டால் பெரும்பாலும் முழுப் பெட்டியையே மாற்ற வேண்டிவரும், பத்து வயது தாண்டிய வண்டியில் அந்தச் செலவு வலிக்கும். அந்த வயதில் சாலை வரியின்மேல் 10 விழுக்காடு கூடுதல் கட்டணம் தொடங்கி, ஆண்டுக்கு 10 விழுக்காடாக ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும் என்பதையும், சோதனை ஆண்டுதோறும் வரும் என்பதையும் ஏற்கெனவே கணக்கில் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் மனைவியிடம் இருப்பது எந்த உரிமம் என்று நீங்கள் எழுதவில்லை. வகுப்பு 3ஏ என்றால் மேனுவலை அவர் தொடவே கூடாது; வகுப்பு 3க்கு மாற மறுபடி வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வில் தேற வேண்டும். பல குடும்பங்களில் இந்த முழு விவாதமும் அந்த ஓர் எழுத்தில் முடிந்துவிடுகிறது. 3ஏ என்றால் ஆட்டோவை வாங்குங்கள், தயங்க வேண்டாம். 2, எல் (L) ஆகிய கியர் இடங்களை இருவரும் பழகிக்கொண்டால் போதும். இருவருக்கும் வகுப்பு 3 இருந்து, கியர் மாற்றுவதில் உங்களுக்கு விருப்பமும் இருந்து, கடற்பாலத்தை நள்ளிரவிலோ விடியற்காலையிலோ கடப்பவர்களாக இருந்தால், மேனுவலை நான் மறுக்கமாட்டேன். மலையில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அது உங்களுக்கு நிம்மதி தரும். ஆனால் திரும்ப விற்கும்போது வாங்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

எதுவானாலும், எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆட்டோவில் பிரேக்கை மிதித்தபடி டி (D), ஆர் (R) ஆகிய இடங்களுக்கு மாற்றி, கியர் பிடிக்க ஒரு நொடிக்கு மேல் ஆகிறதா, இடித்துக்கொண்டு பிடிக்கிறதா என்று பாருங்கள். 60க்கும் 80க்கும் இடையே மெதுவாக வேகம் கூட்டும்போது, சரளைக் கல்மேல் ஓடுவது போன்ற மெல்லிய அதிர்வு வந்தால், டார்க் கன்வெர்ட்டரின் பூட்டு தேய்ந்திருக்கிறது அல்லது எண்ணெய் கெட்டிருக்கிறது. மேனுவலில் கைப்பிரேக்கை இறுக்கிவிட்டு மூன்றாவது கியரில் போட்டு மெல்லக் கிளட்ச்சை விடுங்கள். எஞ்சின் அணைந்தால் நல்லது, அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு முடிந்துவிட்டது. இதை ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள், வண்டி இன்னும் உங்களுடையதல்ல. பிறகு பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, செங்காங்கிலிருந்து தெம்பனிஸ் விரைவுச்சாலையில் ஒரு முறை சேர்ந்து பாருங்கள். மூன்றாவது வரிசையில் உங்கள் அப்பாவை உட்கார வையுங்கள். அவர் இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினால், மேனுவலா ஆட்டோவா என்பதை விட்டுவிட்டு வேறு வண்டி பார்க்க வேண்டியிருக்கும்.